தொட்ட கணமே ஒளிர வேண்டும்: தாள விளையாட்டுக் கருவிக்கு எந்தப் பாகங்கள்?

நான்கு செம்புத் தகடுகள். அவற்றுக்கு மேலே எட்டு நெடுவரிசைகளும் முப்பத்திரண்டு கிடைவரிசைகளும் கொண்ட ஓர் எல்இடி பலகை. பக்கத்தில் ஒரு சிறிய ஒலிபெருக்கி. பாட்டு தொடங்கியதும் பலகையின் உச்சியிலிருந்து ஒளிப்புள்ளிகள் இறங்கி வருகின்றன. ஒரு புள்ளி அடிவரிசைக்கு வந்து சேரும் அதே கணத்தில், அதற்கு நேர்கீழே இருக்கும் தகட்டை ஆடுபவர் தொட வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் மதிப்பெண் குறையும். விளையாட்டு இவ்வளவுதான். ஆனால் இதை ஒரு மைக்ரோகண்ட்ரோலரை, அதாவது நிரலை ஏற்றி ஓட்டும் ஒற்றைச் சிப் கணினியைக் கொண்டு சொந்தமாகச் செய்ய உட்கார்ந்தால், எந்த போர்டு, எந்தத் தொடு உணரி, எந்த எல்இடி, ஒலிக்கு எந்த வழி என்று நான்கு கேள்விகள் ஒன்றாக எழுகின்றன. ஒன்றுக்கு எடுக்கும் முடிவு மற்ற மூன்றின் கையையும் கட்டிப்போடுகிறது.

இத்தகைய ஒப்பீடுகள் வழக்கமாக நினைவகத்தின் அளவையும் செயலியின் வேகத்தையும் வரிசைப்படுத்தித் தொடங்கும். இந்த விளையாட்டுக்கு அவை இரண்டாம்பட்சம். நிமிடத்துக்கு 120 அடி கொண்ட பாட்டில் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் உள்ள இடைவெளி 500 மில்லி விநாடி. அதை நான்காகப் பிரித்தால் 125. பாட்டு 180 அடி வேகத்தில் ஓடினால் அந்தக் கால்பங்கு 83 மில்லி விநாடியாகச் சுருங்கிவிடுகிறது. சரியாகத் தொட்டார் என்று ஏற்றுக்கொள்ளும் வரம்பை முன்னும் பின்னும் 40 மில்லி விநாடி என்று வைத்தாலே, அடுத்தடுத்த புள்ளிகளின் வரம்புகள் ஒன்றையொன்று உரசத் தொடங்குகின்றன. கண்ணிமைக்கும் நேரம் என்று பேச்சில் மிகக் குறுகிய பொழுதைச் சொல்வோம். இங்கே ஓர் இமைப்புக்குள் ஒரு புள்ளி வந்து போய்விடும்.

எனவே ஒவ்வொரு பாகத்தையும் அது நேரத்துக்கு என்ன செய்கிறது என்ற ஒரே கேள்வியைக் கொண்டு எடைபோடுவதே முறை. நேரத்தில் நிகழும் கோளாறுகள் மூன்று வகை. எப்போதும் ஒரே அளவாக இருக்கும் பின்தங்கல் முதலாவது. அதைத் தாமதம் என்று கொள்வோம். ஒரு முறை 10 மில்லி விநாடி, அடுத்த முறை 45 என்று மாறிக்கொண்டே இருப்பது இரண்டாவது, அது தடுமாற்றம். தொடக்கத்தில் பொருந்தியிருந்த இரண்டு கடிகாரங்கள் பாட்டு ஓட ஓட விலகிப் போவது மூன்றாவது, அது நழுவல். தாமதம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஒரு முறை அளந்து கணக்கில் கழித்துவிட்டால் மதிப்பெண்ணில் அது தெரியாது. தடுமாற்றத்தையும் நழுவலையும் அப்படிக் கழிக்க முடியாது. 50 மில்லி விநாடி தாமதிக்கும் ஒழுங்கான பாகம், சராசரியாக 20 மில்லி விநாடி மட்டுமே தாமதித்தாலும் மனம்போனபடி ஆடும் பாகத்தைவிட மேலானது. கீழே சொல்லும் தேர்வுகள் எல்லாம் இந்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறப்பவை.

முதலில் ஒலி

பெரும்பாலோர் ஒலியைக் கடைசியில் யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். எல்லாம் முடிந்தபின், மெமரி கார்டிலிருந்து எம்பி3 பாடும் ஒரு சிறு மாட்யூலை அர்டுயினோ ஊனோ என்னும் மைக்ரோகண்ட்ரோலர் போர்டுடன் இணைத்தேன். முதல் அரை நிமிடம் அருமையாக இருந்தது. இரண்டாம் நிமிடத்தில் புள்ளிகள் பாட்டுக்குப் பின்னால் வந்தன; பாட்டு முடிந்த பிறகும் மூன்று புள்ளிகள் ஆளில்லாத மேடைக்கு நடனக்காரர்கள் வந்ததுபோல் இறங்கி வந்துகொண்டிருந்தன.

காரணம் எளிது. அந்த அமைப்பில் இரண்டு கடிகாரங்கள் இருந்தன. பாட்டு எம்பி3 சிப்பின் கடிகாரத்தில் ஓடியது. புள்ளிகள் ஊனோவின் மூளையான ஏடிமெகா328பி சிப்பின் கடிகாரத்தில் ஓடின. ஊனோ ஆர்3 போர்டில் அந்தச் சிப்பின் 16 மெகாஹெர்ட்ஸ் துடிப்பைத் தருவது குவார்ட்ஸ் படிகம் அல்ல, செராமிக் ரெசொனேட்டர். அவ்வகை ரெசொனேட்டரில் அரை சதவீதப் பிழை என்பது இயல்பாக எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. அரை சதவீதம் என்று கேட்கும்போது அற்பமாகத் தோன்றும்; மூன்று நிமிடப் பாட்டில் அது 0.9 விநாடி. குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 30 பங்கு பிழையுடையது என்று வைத்துக்கொண்டால், அதே மூன்று நிமிடத்தில் விலகல் 5.4 மில்லி விநாடிதான்.

டிஎஃப்பிளேயர் மினி போன்ற எம்பி3 மாட்யூல்களில் நழுவலோடு தடுமாற்றமும் சேர்கிறது. பாட்டைத் தொடங்கு என்ற கட்டளை 10 பைட் நீளம்; 9600 பாட் (விநாடிக்கு 9600 பிட்) வேகத்தில் அதை அனுப்பவே 10 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். அதன்பின் மாட்யூல் கார்டில் கோப்பைத் தேடி எடுத்து ஒலிக்கத் தொடங்கும் நேரம் கார்டுக்குக் கார்டு, கோப்புக்குக் கோப்பு மாறும். இந்தப் பிந்தைய சிக்கலுக்கு மட்டும் ஒரு கைப்பக்குவம் உண்டு: மாட்யூலில் பாட்டு ஓடும்போது தாழும் ‘பிஸி’ முனை (கம்பி இணைக்கும் கால்) ஒன்று இருக்கிறது, கட்டளை அனுப்பிய கணத்தை விட்டுவிட்டு, அந்த முனை தாழ்ந்த கணத்தைப் பூச்சியமாக எடுத்துக்கொண்டால் தொடக்கம் ஓரளவு பொருந்தும். நழுவலுக்கு அது மருந்தாகாது. பாட்டைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் மறுபடி பொருத்தலாம். துண்டுகளுக்கு இடையில் கேட்கும் இடைவெளியை ஆடுபவர் மன்னிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான முனையில் நிற்பது மிக மலிவான பைசோ பஸ்ஸர். ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும், ஒலியும் கீச்சென்று இருக்கும். ஆனால் சுரத்தையும் புள்ளியையும் ஒரே சிப்பின் ஒரே கடிகாரம் நடத்துகிறது. அந்தக் கடிகாரம் அரை சதவீதம் பிசகியிருந்தால் பாட்டும் புள்ளியும் சேர்ந்தே பிசகும். சுருதி அரை சதவீதம் ஏறியோ இறங்கியோ இருப்பதை யாரும் கவனிக்கப்போவதில்லை. நழுவல் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. ஊனோவும் பஸ்ஸரும் சேர்ந்த ஒரு பழைய பாணி விளையாட்டு, ஊனோவும் எம்பி3 மாட்யூலும் சேர்ந்த ஒன்றைவிடத் தாளத்தில் துல்லியமாக இருக்கும் என்பது கேட்க விசித்திரமாக இருந்தாலும் உண்மை. ஊனோவில் ‘டோன்’ கட்டளை இரண்டாம் டைமரை எடுத்துக்கொள்வதால் 3, 11 ஆகிய முனைகளில் பிடபிள்யூஎம் (முனையை விரைவாக ஏற்றி இறக்கி இடைப்பட்ட அளவுகளைத் தரும் வசதி) கிடைக்காது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது வழி, மைக்ரோகண்ட்ரோலரே ஒலியின் எண் மதிப்புகளை ஐ2எஸ் என்னும் எண்முறை ஒலி இணைப்பு வழியாக மேக்ஸ்98357ஏ போன்ற ஒரு சிறு ஆம்ப்ளிஃபையருக்கு ஊட்டுவது. விநாடிக்கு 44,100 மாதிரிகள் வெளியே போகின்றன என்றால், இதுவரை எத்தனை மாதிரிகள் போயிருக்கின்றன என்ற எண்ணிக்கைதான் பாட்டின் கடிகாரம். 4,41,000 மாதிரிகள் போயிருந்தால் பாட்டு சரியாகப் பத்தாவது விநாடியில் நிற்கிறது. புள்ளி எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்த எண்ணிலிருந்தே கணக்கிட்டால், கார்டு ஒரு கணம் திணறிப் பாட்டு நின்றால்கூடப் புள்ளியும் கூடவே நிற்கும். இடையகத்தில், அதாவது வெளியேறும் முன் தங்கும் தற்காலிக நினைவகத்தில், காத்திருக்கும் மாதிரிகள் மட்டும் ஒரு தாமதத்தை உண்டாக்கும்: 256 மாதிரிகள் கொண்ட ஓர் இடையகம் 5.8 மில்லி விநாடி. அது மாறாத தாமதம் என்பதால் கழித்துவிடலாம். முழு இசை வேண்டும் என்பவருக்கு என் பார்வையில் இதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. புளூடூத் ஒலிபெருக்கியை இந்தப் பேச்சிலேயே சேர்க்க வேண்டாம். அதன் தாமதம் பெரியது மட்டுமல்ல, நம் கட்டுப்பாட்டிலும் இல்லாதது.

எந்த போர்டு

ஐ2எஸ் வேண்டும் என்று முடிவு செய்த கணத்திலேயே ஊனோ போட்டியிலிருந்து விலகிவிடுகிறது. 2 கிலோபைட் நினைவகத்தில் ஒலி இடையகத்துக்கு இடம் தேடுவது தீப்பெட்டிக்குள் மெத்தை விரிப்பதைப் போன்றது. மீதமிருக்கும் உண்மையான போட்டியாளர்கள் இரண்டு: இஎஸ்பி32, ராஸ்பெர்ரி பை பிக்கோவில் இருக்கும் ஆர்பி2040.

இஎஸ்பி32 இரண்டு செயலிக் கருக்களுடன் 240 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது; 520 கிலோபைட் நினைவகம் உண்டு. இந்த விளையாட்டைப் பொறுத்தவரை அதன் பெரிய கவர்ச்சி, தொடுகையை அளக்கும் மின்சுற்று சிப்புக்குள்ளேயே இருப்பதுதான். பத்து முனைகள் தொடு உணரிகளாகச் செயல்படும் என்று விவரக்குறிப்பு சொல்கிறது. அந்தப் பத்தை அப்படியே நம்பிப் பெட்டியில் பத்துத் துளை போட்டுவிடக் கூடாது. அவற்றில் 0, 2, 12, 15 ஆகிய நான்கும் சிப் விழித்தெழும்போது எந்த முறையில் தொடங்குவது என்பதைத் தீர்மானிக்கும் முனைகள். அங்கே எதையாவது இணைத்தால் சில நேரங்களில் போர்டே எழுந்திருக்காது. தலைவலி இல்லாமல் பயன்படுத்தக்கூடியவை 4, 13, 14, 27, 32, 33 ஆகிய ஆறு. நான்கு தகடுகளுக்கு ஆறு போதும். எட்டுத் தகடுகளைத் திட்டமிடுபவர் பதினான்கு தொடு முனைகள் உள்ள இஎஸ்பி32-எஸ்3 வகையைப் பார்க்க வேண்டும். சி3 வகையில் தொடு உணரியே இல்லை. பெயர் ஒத்திருப்பதால் தவறி வாங்கிவிட வாய்ப்பு அதிகம்.

ஆர்பி2040 சிப்பில் தொடுகைக்கென்று தனிச் சுற்று கிடையாது. ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு மெகா ஓம் மின்தடையை வைத்து, தகடு மின்னூட்டம் பெற எவ்வளவு நேரமாகிறது என்று அளக்க வேண்டும். ஆனால் அதில் பிஐஓ என்னும் சிறு எந்திரங்கள் எட்டு இருக்கின்றன. செயலி வேறு வேலையில் இருந்தாலும் அவை தம் முனைகளை ஒரு துடிப்பும் பிசகாமல் ஆட்டிக்கொண்டிருக்கும். ஒன்றைத் தகடுகளை அளக்கவும், ஒன்றை எல்இடிகளை ஊட்டவும், ஒன்றை ஐ2எஸ் ஒலிக்கும் ஒதுக்கிவிட்டால் மூன்று வேலைகளும் ஒன்றையொன்று இடறாமல் நடக்கும். நேரத்தின் மேல் இவ்வளவு பிடிமானம் தரும் மலிவான சிப் வேறொன்று எனக்குத் தெரியாது. பிஐஓவுக்கென்று உள்ள சில கட்டளைகளைக் கற்கச் சில மாலைப்பொழுதுகளைச் செலவிட மனமிருப்பவருக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். அந்த மனம் இல்லாதவருக்கு இஎஸ்பி32தான் குறுக்குவழி.

மைக்ரோபைத்தானில் எழுதலாமா என்ற கேள்வி இரண்டுக்கும் பொது. எழுதலாம். ஆனால் நினைவகக் குப்பையை அள்ளுவதற்காக அந்த மொழி அவ்வப்போது தானாக நின்றுகொள்ளும். அது பாட்டின் நடுவில் நேர்ந்தால் தடுமாற்றம்தான். குப்பை அள்ளும் வேலையைப் பாட்டு தொடங்கும் முன்பே வலிந்து செய்துவிட்டு, பாட்டு ஓடும்போது புதிய பொருள்களை உருவாக்காமல் நிரலை அமைப்பது ஒரு வழி. சி மொழியில் இந்தக் கவலையே இல்லை.

விரலும் தகடும்

ஒப்பீட்டில் மிகவும் ஏமாற்றக்கூடிய பகுதி இதுதான். தொடு உணரி மாட்யூல்களைக் கையில் எடுத்துத் தொட்டுப் பார்த்தால் எல்லாமே உடனே எரிவதுபோல் தெரியும். அவற்றில் மிகப் பரவலானது, டிடிபி223 சிப் பொருத்திய ஒற்றைத் தகட்டு மாட்யூல். மூன்று கம்பிகளை இணைத்தால் வேலை முடிந்தது. நிரலில் ஒரு பொத்தானைப் போல வாசிக்கலாம். ஆனால் அதன் விவரக்குறிப்பைப் புரட்டினால், வேகமான நிலையில் ஏறத்தாழ 60 மில்லி விநாடி, மின்சாரத்தைச் சேமிக்கும் நிலையில் 220 மில்லி விநாடி வரை பதில் நேரம் ஆகும் என்று எழுதியிருக்கிறது. சிறிது நேரம் யாரும் தொடாவிட்டால் சிப் சேமிப்பு நிலைக்குப் போய்விடும். ஆக, பாட்டின் நடுவே ஓய்வுக்குப்பின் வரும் முதல் தொடுகை தாமதமாகவும், அதைத் தொடர்ந்து வருபவை வேகமாகவும் பதிவாகும். மேலே தடுமாற்றம் என்று சொன்னதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. மேசை விளக்கை ஏற்றி அணைக்க அது சிறந்த சிப். தாளத்துக்கு அது ஆகாது.

எம்பிஆர்121 சிப் பன்னிரண்டு தகடுகளை ஒன்றாக அளந்து ஐ2சி என்னும் இருகம்பித் தரவு இணைப்பு வழியாகச் சொல்கிறது. அதைப் பற்றி இருவேறு கருத்துகளைக் கேட்க நேரும்: ஒருவர் மிக வேகம் என்பார், மற்றவர் சோம்பேறி என்பார். இருவரும் சரி. சிப் விழித்தெழும்போது 16 மில்லி விநாடிக்கு ஒரு முறை அளந்து, நான்கு அளவுகளைச் சேர்த்தே ஒரு முடிவுக்கு வருமாறு அமைந்திருக்கிறது; அதாவது 64 மில்லி விநாடி. பதினாறடிமான எண்ணில் 5டி என்ற பதிவகத்தில் (சிப் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) அளவிடும் இடைவெளியை 1 மில்லி விநாடியாக மாற்றினால் அதே நான்கு அளவுகளுக்கு 4 மில்லி விநாடி போதும். இதை மாற்றியவர் வேகம் என்கிறார், மாற்றாதவர் சோம்பேறி என்கிறார். அவ்வளவுதான். ஐ2சி வழியாக நிலையை வாசிக்க 400 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் ஒரு மில்லி விநாடியில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு நேரமே ஆகும். சிப்பின் இன்டரப்ட் முனையையும் (நடக்கும் வேலையை இடைமறித்து நிரலை அழைக்கும் முனை) இணைத்து, அது தாழ்ந்த கணத்தையே தொட்ட நேரமாகக் குறித்துக்கொண்டால், எல்இடிகளைப் புதுப்பிப்பதில் நிரல் மூழ்கியிருந்தாலும் நேரம் பிசகாது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: அது 3.3 வோல்ட் சிப். 5 வோல்ட் ஊனோவுடன் இணைப்பதற்கு முன் மாட்யூலில் மின்னழுத்த மாற்றி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இஎஸ்பி32 சிப்பின் உள் உணரிக்கும் எம்பிஆர்121 சிப்புக்கும் இடையில் தேர்வு கடினம். முதலாவது வெறும் எண்ணைத் தருகிறது. தொட்டதா இல்லையா என்று நாமே முடிவு செய்ய வேண்டும். பழைய இஎஸ்பி32 சிப்பில் தொட்டால் அந்த எண் குறையும்; எஸ்3 வகையில் கூடும். இணையத்தில் கிடைத்த நிரலை எஸ்3 போர்டில் ஏற்றிவிட்டு, தொடாதபோதெல்லாம் தொட்டதாகச் சொல்கிறதே என்று தலையைச் சொறிபவர்கள் இதைத்தான் தவறவிட்டிருப்பார்கள். வெறும் எண் கிடைப்பதில் ஒரு நன்மையும் உண்டு: தொட்டதாக ஏற்கும் எல்லையையும் விட்டதாக ஏற்கும் எல்லையையும் தனித்தனியாக நாமே வைக்கலாம், ஒவ்வொரு தகட்டின் குணத்துக்கும் ஏற்ப மாற்றலாம். எம்பிஆர்121 அதையெல்லாம் தானே செய்கிறது. பொறுமையற்றவருக்கு அதுவே போதும். நான்கு தகடுகள் என்றால் நான் உள் உணரியையே எடுப்பேன். எட்டுக்கு மேல் என்றால் எம்பிஆர்121.

மின்தேக்குத்திறனை, அதாவது தகடு மின்னூட்டத்தைத் தேக்கும் அளவை, அளக்கும் மேற்சொன்ன உணரிகள் அனைத்துக்கும் பொதுவான சில குணங்கள் உண்டு. விரல் தகட்டில் படுவதற்குச் சற்று முன்பே எண் மாறத் தொடங்கிவிடும். எல்லையை மிகத் தாழ்வாக வைத்தால், விரல் காற்றில் இருக்கும்போதே அடித்ததாகப் பதிவாகும். பூமிக்கம்பி இல்லாத சில சார்ஜர்களில் மின்னிரைச்சல் புகுந்து ஆவி தொட்டதுபோல் தகடுகள் தானாகத் துள்ளும். அதே கருவியை பேட்டரியில் ஓட்டினால் இரைச்சல் அடங்கும், ஆனால் தொடுகையின் வலுவும் குறையும். எனவே எந்த மின்மூலத்தில் ஆடப்போகிறோமோ அதில்தான் எல்லைகளை அளக்க வேண்டும். தகட்டிலிருந்து சிப்புக்குப் போகும் கம்பியும் தகட்டின் ஒரு பகுதிதான். அது நீளமாக, எல்இடி தரவுக்கம்பியை ஒட்டிப் போனால் ஒவ்வொரு ஒளிச்சட்டகத்துக்கும் (பலகையை ஒரு முறை புதுப்பிப்பது) ஒரு பொய்த்தொடுகை பதிவாகக்கூடும்.

தட்டும் உணர்வு வேண்டும் என்பவர்கள் பைசோ தகட்டை உணரியாகப் பயன்படுத்தலாம். அடித்த கணத்தில் மின்னழுத்தம் துள்ளும். எவ்வளவு பலமாக அடித்தார் என்பதும் தெரியும். ஆனால் ஒரே அடிக்கு அது பலமுறை அதிர்வதால், முதல் துள்ளலுக்குப்பின் 30 முதல் 50 மில்லி விநாடி வரை காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். பக்கத்துத் தகட்டின் அதிர்வும் இங்கே எட்டிப் பார்க்கும். அழுத்திப் பிடிக்கும் நீண்ட சுரங்களை அதனால் உணரவே முடியாது. மத்தளம்போல் அடித்து ஆடும் விளையாட்டுக்கு மட்டும் அது பொருந்தும்.

ஒளிப்பலகை

எல்இடி வகையைத் தேர்ந்தெடுப்பதில் வண்ணமும் பிரகாசமும் கண்ணை முதலில் இழுக்கும். நேரத்தின் கண் கொண்டு பார்த்தால் கேள்வி வேறு: ஒரு புள்ளி மேலிருந்து கீழே வர ஒரு விநாடி எடுக்கிறது என்றால், அது எத்தனை படிகளில் இறங்குகிறது? 8×8 பலகையில் எட்டே படிகள். ஒவ்வொரு படியும் 125 மில்லி விநாடி. புள்ளி அடிவரிசையில் 125 மில்லி விநாடி அசையாமல் நிற்கும்போது, அதில் எந்தக் கணத்தில் தொட வேண்டும் என்று கண்ணால் சொல்ல முடியாது. காதை மட்டுமே நம்பி ஆட வேண்டியிருக்கும். பிபிசி மைக்ரோபிட்டின் 5×5 விளக்குகளில் நிலைமை இன்னும் மோசம். 32 வரிசைகள் இருந்தால் ஒரு படி 31 மில்லி விநாடி. அதன்பின் கண்ணும் காதுக்குத் துணை வருகிறது.

மேக்ஸ்7219 சிப்பில் ஓடும் ஒற்றை வண்ண 8×8 மாட்யூல்கள் நான்கை வரிசையாக இணைத்தால் இந்த 8×32 பலகை கிடைத்துவிடும். முழுப் பலகையையும் புதுப்பிக்க 512 பிட் அனுப்பினால் போதும். ஊனோவின் எஸ்பிஐ என்னும் தரவு இணைப்பு வழியாகக்கூட அது ஒரு மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும். விளக்குகளை வரிசை வரிசையாக ஏற்றி அணைக்கும் வேலையைச் சிப்பே பார்த்துக்கொள்வதால் மைக்ரோகண்ட்ரோலர் தன் வேலையைக் கவனிக்கலாம். குறை என்னவென்றால், பிரகாசத்தின் 16 நிலைகளும் முழுச் சிப்புக்கும் பொது. ஒரு விளக்கை மட்டும் மங்கலாக்க இயலாது.

அந்தக் குறை ஏன் முக்கியம் என்றால், டபிள்யூஎஸ்2812பி வண்ண எல்இடிகளில் ஒவ்வொரு விளக்குக்கும் 256 நிலைகள் உண்டு. புள்ளி ஐந்தாம் வரிசைக்கும் ஆறாம் வரிசைக்கும் நடுவில் இருக்கும்போது ஐந்தாவதைப் பாதியாகவும் ஆறாவதைப் பாதியாகவும் ஏற்றினால், புள்ளி தாவாமல் வழுக்கிக்கொண்டு இறங்குவதாகக் கண் ஏற்றுக்கொள்ளும். வெறும் எட்டு வரிசைப் பலகைகூட இந்த உத்தியால் ஆடத்தக்கதாகிவிடுகிறது. வண்ண எல்இடிகளை அவற்றின் வண்ணத்துக்காக அல்ல, இந்த மங்கலுக்காகவே நான் தேர்ந்தெடுப்பேன்.

விலை வேறு வகையில் வருகிறது. ஒரு விளக்குக்கு 24 பிட், ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோ விநாடி. 256 விளக்குகளுக்கு 7.7 மில்லி விநாடி. ஊனோவில் இந்த நேரம் முழுவதும் இன்டரப்ட்கள் நிறுத்தி வைக்கப்படுகின்றன. ஊனோவின் மில்லி விநாடிக் கணக்கோ 1.024 மில்லி விநாடிக்கு ஒரு முறை வரும் இன்டரப்ட்டை நம்பி ஓடுவது. 7.7 மில்லி விநாடிக்குள் ஏழு முறை கதவைத் தட்டினாலும் கடைசியில் ஒன்றுதான் பதிவாகும். ஒவ்வொரு ஒளிச்சட்டகத்துக்கும் ஏறத்தாழ 6 மில்லி விநாடி காணாமல் போகிறது. விநாடிக்கு 30 சட்டகங்கள் என்றால் விநாடிக்கு 180 மில்லி விநாடி. முன்பு சொன்ன, இதே எல்இடிகள் கொண்ட என் முதல் கருவி பின்தங்கியதில் ரெசொனேட்டரின் பங்கைவிட இதன் பங்கே பெரிது என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். இதை ஈடுசெய்யும் லைப்ரரிகள் உண்டு. ஆனாலும் அந்த நேரத்தில் நிகழ்ந்த தொடுகையை அவை திருப்பித் தராது. இஎஸ்பி32 சிப்பில் ஆர்எம்டி என்னும் பகுதியும் ஆர்பி2040 சிப்பில் பிஐஓவும் இந்தத் தரவைப் பின்னணியில் அனுப்பிவிடுவதால் இந்தச் சிக்கலே எழுவதில்லை.

மின்சாரமும் கவனிக்க வேண்டியது. ஒரு விளக்கு முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். 256 விளக்குகளுக்கு 15 ஆம்பியருக்கு மேல். விளையாட்டில் ஒரே நேரத்தில் இருபது விளக்குகள்தான் எரியும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நிரலில் ஒரு பிழை நேர்ந்து பலகை முழுவதும் வெள்ளையாக எரிந்த அன்று அந்தச் சமாதானம் உதவாது. பிரகாசத்துக்கு நிரலிலேயே ஓர் உச்சவரம்பு வைத்துவிடுவது நல்லது. 5 வோல்ட்டில் ஓடும் டபிள்யூஎஸ்2812பி, மேக்ஸ்7219 இரண்டும் 3.5 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் ‘ஒன்று’ என்று ஏற்கும் என்று விவரக்குறிப்பு சொல்கிறது, 3.3 வோல்ட் போர்டுகளிலிருந்து நேரடியாக இணைத்தால் பல நேரம் வேலை செய்யும், சில நேரம் மின்னி மின்னிக் கேலி செய்யும். நடுவில் 74ஏஹெச்சிடி125 போன்ற ஒரு சிப்பை வைத்துவிட்டால் அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

ஹப்75 என்னும் இணைப்பான் கொண்ட பெரிய எல்இடி பலகைகள் அழகானவை. 64×32 பலகையை நிமிர்த்தி வைத்தால் 64 படிகள், ஒரு படி 16 மில்லி விநாடிக்கும் குறைவு. ஆனால் சாதாரண ஹப்75 பலகைக்குத் தன்னினைவு கிடையாது. மைக்ரோகண்ட்ரோலர் ஓயாமல் படத்தை ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 13 முனைகளும் அதற்கே போய்விடும். இஎஸ்பி32 சிப்பில் தொடு முனைகளோடு இடநெருக்கடி வரும். இரண்டாவது கருவியாகச் செய்யலாம். முதல் கருவியாக வேண்டாம்.

எதை எதோடு சேர்ப்பது

கையில் ஏற்கெனவே ஊனோ இருக்கிறது, புதிதாக அதிகம் வாங்க விருப்பமில்லை என்பவருக்கு நான் சொல்லும் சேர்க்கை: நான்கு மேக்ஸ்7219 மாட்யூல்கள், வேகப்படுத்திய எம்பிஆர்121, பஸ்ஸர். பார்க்க எளிமையாக இருந்தாலும் இதில் ஒரே கடிகாரம், ஒரே ஒழுங்கு. உண்மையான பாட்டு வேண்டும் என்பவருக்கு இஎஸ்பி32, அதன் உள் உணரியில் நான்கு தகடுகள், 256 டபிள்யூஎஸ்2812பி விளக்குகள், ஐ2எஸ் ஆம்ப்ளிஃபையர், மெமரி கார்டு. இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று ஊனோவில் வண்ண எல்இடியையும் எம்பி3 மாட்யூலையும் சேர்ப்பதுதான் மிகவும் ஆசை காட்டும் வழி. வாங்கும் பட்டியலில் அழகாகத் தெரியும். மூன்று கோளாறுகளையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவரும் சேர்க்கையும் அதுவே.

எதை வாங்கினாலும், பெட்டி செய்வதற்கு முன் ஒரு தகடு, ஒரு விளக்கு, ஒரு ஒலி என்ற அளவில் இணைத்து அளந்து பார்க்க வேண்டும். அதற்குச் சிறப்புக் கருவி தேவையில்லை. விநாடிக்கு 240 சட்டகங்கள் எடுக்கும் கைபேசிக் கேமரா இருந்தால் ஒரு சட்டகம் 4.2 மில்லி விநாடி. விரல் செம்பைத் தொடும் சட்டகத்துக்கும் விளக்கு எரியும் சட்டகத்துக்கும் இடையில் எத்தனை என்று எண்ணினால் போதும். இருபது முறை தொட்டு எண்ண வேண்டும். சராசரியைவிட, மிகச் சிறிய எண்ணுக்கும் மிகப் பெரிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசமே பார்க்க வேண்டியது. மூன்றும் நான்குமாக வந்தால் பாகம் ஒழுங்கானது. மூன்றும் பதினான்குமாக வந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மாறாத தாமதத்தைக் கழிக்க, விளையாட்டின் தொடக்கத்தில் ஆடுபவரையே பதினாறு அடிகளுக்குத் தொடச் சொல்லி, கிடைத்த விலகல்களில் நடுமதிப்பை எடுத்துச் சேமித்துக்கொள்வது வழக்கம். சீரான அடியோடு சேர்ந்து தட்டும்போது மனிதர்கள் பொதுவாகச் சில பத்து மில்லி விநாடிகள் முந்தியே தட்டுகிறார்கள். ஆளுக்கு ஆள் அது மாறும். எனவே சேமித்த எண் கருவியுடையது மட்டுமல்ல, ஆடுபவருடையதும்கூட. இருவர் ஆடினால் இரண்டு எண்கள் வேண்டும். தகடுகளின் எல்லைகளை மட்டும் இந்தக் கட்டத்தில் இறுதி செய்ய வேண்டாம். செம்பின்மேல் 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் மூடி வந்ததும் தொடுகையின் வலு சட்டென்று குறைந்துவிடும். பெட்டியின் கடைசித் திருகையும் முடுக்கியபின், ஆடப்போகும் அதே மின்மூலத்தில் வைத்து, நான்கு தகடுகளையும் தனித்தனியாக அளந்து எழுதிக்கொள்ள வேண்டும்.